டாம்கேட்: ஃபுல் ஜிசிக்குப் பிறகும் ஹீப் இறங்கவில்லை. வெப்சாக்கெட்டா, ரீடிப்ளாயா?

கொருக்குப்பேட்டை கேட்:

வணக்கம். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் மென்பொருளைப் பராமரிக்கிறேன். வேறொரு குழு எழுதி, பிறகு எங்கள் கைக்கு வந்தது. ஓடுவது டாம்கேட் 9.0.98 என்ற ஜாவா வெப் சர்வரில், ஜாவா 11. பொருட்கள் தங்கும் மெமரியான ஹீப் 4 ஜிபி. கேட்டில் இருப்பவர்கள் டேப்லெட்டில் கன்டெய்னர் எண்ணை அடிப்பார்கள், பெட்டி அடிபட்டிருந்தால் படம் எடுத்து ஏற்றுவார்கள். அது உடனே மற்ற டேப்லெட்களிலும், உள்ளே கன்டெய்னரைத் தூக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டி ஓட்டுபவரின் திரையிலும் தெரிய வேண்டும். அதற்கு வெப்சாக்கெட், அதாவது சர்வரும் டேப்லெட்டும் இரு பக்கமும் பேசத் திறந்தே இருக்கும் இணைப்பு. டேட்டாபேஸ் பாரிமுனை அலுவலகத்தில் இருக்கிறது. டாம்கேட் மட்டும் யார்டில், யுபிஎஸ் போட்ட அறையில்.

பிரச்சினை இதுதான். ஹீப்பில் நீண்ட காலம் வாழும் பொருட்கள் இருக்கும் ஓல்ட் ஜெனரேஷன் ஏறிக்கொண்டே போகிறது, பயன்படாதவற்றைத் துடைக்கும் ஃபுல் ஜிசி ஓடினாலும் இறங்குவதில்லை. கடைசியில் அவுட் ஆஃப் மெமரி. சர்வர் நின்றால் கேட்டில் கையால் எழுதுகிறார்கள், ட்ரெய்லர்கள் பொன்னேரி நெடுஞ்சாலை வரை வரிசை கட்டி நிற்கின்றன. கப்பலுக்கு நேரம் தவறினால் டிரைவருக்குத்தான் ஏச்சு. அதனால் இதை ஒருவழியாக முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ரீடிப்ளாய் செய்யும்போதெல்லாம், அதாவது ஆப்பின் புது வார் கோப்பை ஏற்றும்போதெல்லாம், லாக்கில் மூன்று எச்சரிக்கைகள் வருகின்றன: டேட்டாபேஸோடு பேசும் ஜேடிபிசி டிரைவரைப் பதிந்துவிட்டு நீக்கவில்லை, ஒரு த்ரெட்டைத் தொடங்கிவிட்டு நிறுத்தவில்லை, ஒரு த்ரெட்லோக்கலை (ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென வைத்திருக்கும் மதிப்பு) வைத்துவிட்டு எடுக்கவில்லை. ஹீப் ஏறுவதும் இந்த எச்சரிக்கைகளும் ஒரே நோயா?

மின்ட் மணிக்கூண்டு:

தினமும் ராத்திரி ரீஸ்டார்ட் போடுங்க தலைவரே. நான் பார்க்கும் பாதி சர்வர் அப்படித்தான் ஓடுது.

கொருக்குப்பேட்டை கேட்:

யார்டுக்கு ராத்திரி என்று ஒன்று இல்லை அண்ணா. நகருக்குள் கனரக வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் இரவில்தான் கூட்டமே அதிகம். எப்போது நிறுத்தினாலும் யாராவது ஒருவர் கேட்டில் நிற்பார்.

மின்ட் மணிக்கூண்டு:

சரி. அப்படியென்றால் குறைந்தபட்சம் இதைச் செய்துவையுங்கள். ஹீப்-டம்ப்-ஆன்-அவுட்-ஆஃப்-மெமரி-எர்ரர், எக்ஸிட்-ஆன்-அவுட்-ஆஃப்-மெமரி-எர்ரர் என்ற இரண்டு ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் இயந்திரம்) விருப்பங்களையும் போடுங்கள். மெமரி தீரும்போது முதலாவது ஹீப்பின் நகலை டம்ப்பாக எழுதிவைக்கும், இரண்டாவது ஜேவிஎம்மை நிறுத்திவிடும். மெமரி தீர்ந்த ஜேவிஎம் பாதி உயிரோடு கிடப்பது செத்துப்போவதைவிட மோசம். போர்ட் திறந்திருக்கும், பதில் வராது, கேட்டில் இருப்பவர் நெட் பிரச்சினை என்று நினைத்து டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே இருப்பார். செத்துவிட்டால், லினக்ஸில் சர்வீஸ்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியில் ரீஸ்டார்ட் அமைத்திருந்தால் அது தானாக எழுப்பிவிடும், டம்ப்பும் கையில் இருக்கும். டம்ப் விழும் இடத்தில் 4 ஜிபிக்கு மேல் காலி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ராயபுரம் ரயிலடி:

தம்பி, இரண்டும் வேறு வேறு கசிவு, ஆனால் ஒரே இனம். பிரித்துப் பாருங்கள்.

லாக்கில் வரும் மூன்று எச்சரிக்கைகளும் ரீடிப்ளாய் சம்பந்தப்பட்டவை. ஒவ்வொரு வெப் ஆப்புக்கும் டாம்கேட் கிளாஸ்களை ஏற்றத் தனியாக ஒரு கிளாஸ்லோடர் வைக்கிறது. ஆப்பை நிறுத்தும்போது அந்த லோடரை யாரும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. பிடித்திருக்கும் பொருள் ஒன்றே ஒன்றானாலும் போதும்: பொருள் தன் கிளாஸைப் பிடிக்கும், கிளாஸ் லோடரைப் பிடிக்கும், லோடர் பழைய ஆப்பின் எல்லா கிளாஸையும் பிடிக்கும். வாடகை வீட்டைக் காலி செய்தவர் ஒரு ட்ரங்க் பெட்டியை மட்டும் உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு போனால், வீடு முழுதும் அடைபட்டதுபோலத்தான்.

முன்பு கிளாஸ் விவரங்கள் பெர்ம்ஜென் என்ற அளவு குறித்த இடத்தில் இருந்ததால், இது பெர்ம்ஜென் பிழையாகச் சீக்கிரமே வெடிக்கும். 2014ல் ஜாவா 8 வந்தபோது பெர்ம்ஜென் போய் மெட்டாஸ்பேஸ் வந்தது. அதற்கு நாமாக வரம்பு வைக்காவிட்டால் இயங்குதளத்தின் மெமரி தீரும்வரை வளரும். அதனால் இப்போது பலருக்கு இந்தக் கசிவு தெரிவதே இல்லை. ஒருநாள் லினக்ஸ் தானே ஜாவா ப்ராசஸைக் கொன்றுவிடும், ஜாவா லாக்கில் ஒரு வரி கூட இருக்காது. மேக்ஸ்-மெட்டாஸ்பேஸ்-சைஸ் ஒன்றை வைத்துவிடுங்கள்.

உங்கள் பெரிய பிரச்சினை ஓல்ட் ஜெனரேஷன் ஏறுவது. அதற்கு முதலில் ஒரு கேள்வி. வரைபடத்தில் அது சரிவாக ஏறுகிறதா, படிக்கட்டு போல ஏறுகிறதா? ஏறும் நாட்களில் யார்டில் என்ன நடந்தது? வண்டி அதிகம் வந்த நாளா, ஏதாவது பழுதான நாளா?

கொருக்குப்பேட்டை கேட்:

அக்கா, இந்தக் கேள்வி என் தலைக்கு வரவே இல்லை. ஜிசி லாக்கையும் கேட் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வண்டி மிக அதிகமாக வந்த நாட்களில் ஹீப் தட்டையாக இருக்கிறது. மழை பெய்து கேட் பக்கம் கரண்ட் போன நாட்களில்தான் ஏறுகிறது. கரண்ட் போன உடனே ஏறுவதில்லை. கொஞ்சம் கழித்து ஏறத் தொடங்கி, பிறகு கரண்ட் வந்த பின்பும் ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த முறை கரண்ட் போய்வந்தால் சரிவு இன்னும் செங்குத்தாகிறது.

ராயபுரம் ரயிலடி:

அப்படியானால் கசிவு சாதாரண வழியில் இல்லை, பிழை நடக்கும் வழியில் இருக்கிறது. எல்லாம் நன்றாக முடிந்தால் துடைக்கும் கோட், நடுவில் ஏதாவது தவறினால் துடைக்காமல் போகிறது. லோட் டெஸ்ட் எவ்வளவு போட்டாலும் இது மாட்டாது, ஏனென்றால் லோட் டெஸ்ட்டில் யாரும் கரண்டை நிறுத்துவதில்லை.

முழு டம்ப் எடுக்கும் முன் ஜாவாவோடு வரும் ஜேசிஎம்டி கருவியில் கிளாஸ் ஹிஸ்டோகிராம் எடுங்கள், அதாவது எந்த கிளாஸில் எத்தனை பொருட்கள் என்ற கணக்கு. அதற்கும் ஒரு ஃபுல் ஜிசி ஓடும், ஆனால் டம்ப் அளவுக்கு நிறுத்திவைக்காது. கரண்ட் போவதற்கு முன் எடுத்தது ஒன்று, போய்வந்த பின் எடுத்தது ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு, எது ஏறி இறங்காமல் நிற்கிறது என்று சொல்லுங்கள். பிறகு டம்ப் எடுத்து, அதை அலசும் கருவியான எக்லிப்ஸ் மேட்டில் திறக்கலாம். எது எவ்வளவு மெமரியைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் டாமினேட்டர் ட்ரீயில் பெரியதைப் பிடித்து, ஜிசியைத் தடுக்காத வீக் ரெஃபரன்ஸ்களை விலக்கி, ஜிசி தேடத் தொடங்கும் வேரான ஜிசி ரூட் வரைக்கும் உள்ள பாதையைப் பாருங்கள்.

அந்த டம்ப்பை யாருக்கும் மெயிலில் அனுப்பாதீர்கள். டிரைவர்களின் பெயர், லைசென்ஸ் எண், போன் நம்பர் எல்லாம் அதில் படிக்கிற மாதிரியே இருக்கும்.

கொருக்குப்பேட்டை கேட்:

எடுத்தேன். டேப்லெட்களும் திரைகளும் சேர்த்து இருபதுக்குள்தான். ஹிஸ்டோகிராமில் வெப்சாக்கெட் செஷன் பொருட்கள் நானூறைத் தாண்டி நிற்கின்றன. மேட்டில் பார்த்தால் ஆப் இருக்கும்வரை போகாத ஒரு ஸ்டாட்டிக் காப்பி-ஆன்-ரைட் லிஸ்ட். அதில் வரிசையாக லிசனர்கள், அதாவது ஒவ்வொரு இணைப்புக்கும் செய்தி வாங்கிக்கொள்ளும் பொருட்கள். ஒவ்வொரு லிசனரும் ஒரு செஷனையும் செய்திகள் காத்திருக்கும் ஒரு லிங்க்டு ப்ளாக்கிங் க்யூவையும் பிடித்திருக்கிறது. க்யூவுக்குள் அனுப்பாத செய்திகள், அவற்றோடு படங்களின் சிறு வடிவங்களும்.

செஷன் மூடும்போது ஓடும் ஆன்க்ளோஸ் மெத்தடில் நான்கு வேலைகள் இந்த வரிசையில் இருக்கின்றன. முதலில் அனுப்பும் த்ரெட்டை நிறுத்துகிறது. அப்புறம் 'டேப்லெட் போய்விட்டது' என்று டேட்டாபேஸில் ஒரு வரி எழுதுகிறது. அப்புறம் லிஸ்ட்டிலிருந்து லிசனரை நீக்குகிறது. கடைசியில் க்யூவைக் காலி செய்கிறது. நடுவில் பிழை வந்தாலும் துடைக்கும் வரிகளை ஓட்டித் தரும் ட்ரை, ஃபைனலி எதுவும் இல்லை.

ராயபுரம் ரயிலடி:

கிடைத்துவிட்டது. ஒன்று கேட்கிறேன்: கேட் ஸ்விட்சும் பாரிமுனைக்குப் போகும் இணைப்பும் ஒரே கரண்டிலா இருக்கின்றன?

கொருக்குப்பேட்டை கேட்:

ஆமாம் அக்கா. ஒரே பெட்டி. யுபிஎஸ் சர்வர் அறைக்கு மட்டும்தான்.

ராயபுரம் ரயிலடி:

அப்போது நடப்பது இது. கரண்ட் போனதும் டேப்லெட்கள் விடைபெறாமல் மறைகின்றன. இணைப்பை மூடுவதாகச் சொல்லும் டிசிபி பாக்கெட் எதுவும் வராது. சர்வர் அனுப்பிக்கொண்டே இருக்கும், கர்னல் திரும்பத் திரும்ப முயலும். லினக்ஸில் டிசிபி-ரீட்ரைஸ்2 என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 15, கணக்குப் போட்டால் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அதன் பிறகுதான் கர்னல் கைவிட்டு டாம்கேட்டுக்குப் பிழை சொல்லும், டாம்கேட் ஆன்க்ளோஸைக் கூப்பிடும். 'கொஞ்சம் கழித்து ஏறுகிறது' என்று நீங்கள் பார்த்தது அதுதான்.

அந்த நேரத்தில் டேட்டாபேஸுக்கும் வழி இல்லை. டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்துவைக்கும் ஹிகாரி பூல் வைத்திருந்தால் இயல்பாக 30 நொடி கனெக்‌ஷனுக்குக் காத்திருந்துவிட்டு எக்ஸெப்‌ஷன் வீசும். இரண்டாவது வேலையிலேயே மெத்தட் முடிந்துவிட்டது. லிஸ்ட்டிலிருந்து நீக்கும் வரி ஓடவே இல்லை.

சரிவு செங்குத்தாவதற்கும் இதே காரணம்தான். அனுப்பும் த்ரெட் நின்றுவிட்டது, ஆனால் லிசனர் லிஸ்ட்டில் இருக்கிறது. புது ட்ரெய்லர் வரும்போதெல்லாம் அந்தச் செத்த லிசனரின் க்யூவிலும் ஒரு செய்தி விழுகிறது, எடுப்பவர் இல்லை. லிங்க்டு ப்ளாக்கிங் க்யூவை அளவு சொல்லாமல் உருவாக்கினால் அதன் கொள்ளளவு 2,147,483,647. நிரம்பி நமக்குச் சொல்லப்போவதே இல்லை.

சரிசெய்யும் வழி: மெமரியைப் பிடித்திருப்பதை முதலில் விடுங்கள், வெளியுலகத்திடம் பேசுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். லிஸ்ட்டிலிருந்து நீக்குவது தோற்க வழியில்லாத வேலை, அது முதல் வரியாக இருக்கட்டும். பிறகு த்ரெட், க்யூ. டேட்டாபேஸ் வரி கடைசியில், தனி ட்ரைக்குள், தோற்றால் லாக் எழுதிவிட்டுப் போகட்டும். க்யூவுக்கு ஒரு கொள்ளளவு வையுங்கள்.

தம்புசெட்டி தெரு:

நாங்கள் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களுக்கு இதே மாதிரி ஒன்றை எழுதுகிறோம். லிஸ்ட்டில் லிசனரை வீக் ரெஃபரன்ஸாக வைத்துவிட்டால் போதாதா? யாரும் பிடிக்காதபோது ஜிசியே எடுத்துக்கொள்ளுமே.

ராயபுரம் ரயிலடி:

இந்த இடத்தில் நான் வேண்டாம் என்பேன். லிசனரை வேறு யாரும் வலுவாகப் பிடிக்கவில்லை என்றால், டேப்லெட் உயிரோடு இருக்கும்போதே ஜிசி அதைத் தூக்கிவிடும். கேட்டில் ஒரு திரை மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும், அதற்குக் காரணம் தேடுவது இதைவிடக் கஷ்டம். செஷன் பிடித்திருந்தால், செஷன் போகும்வரை இதுவும் போகாது. எப்படியானாலும் எப்போது போகும் என்பது நம் கையில் இல்லை. எப்போது முடிகிறது என்று நமக்குத் தெரிந்த ஒன்றை நாமே முடித்துவைப்பதுதான் சரி.

பெரம்பூர் லோகோ:

கேள்வி எனக்கும் ஒன்று இருக்கிறது அக்கா. நான் கல்லூரி முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ட்ரை-வித்-ரிசோர்சஸ் போட்டால் எல்லாம் தானாக மூடிவிடும் என்று படித்தேன். இங்கே ஏன் அதை யாரும் சொல்லவில்லை?

ராயபுரம் ரயிலடி:

நல்ல கேள்விப்பா. ஜாவா 7லிருந்து இருக்கும் அது மிக நல்ல வசதி. திறந்த வரிசைக்குத் தலைகீழாக மூடும், ஒன்றை மூடுவதில் பிழை வந்தாலும் மற்றவற்றை மூடாமல் விடாது. ஆனால் திறப்பதும் மூடுவதும் ஒரே ப்ளாக்குக்குள் இருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும். டேட்டாபேஸ் கனெக்‌ஷன், ஃபைல் ஸ்ட்ரீம் இதற்கெல்லாம் கட்டாயம் போடு. வெப்சாக்கெட்டில் திறப்பது ஆன்ஓப்பனில், மூடுவது எத்தனையோ மணி நேரம் கழித்து ஆன்க்ளோஸில், வேறு ஏதோ ஒரு த்ரெட்டில். நடுவில் ப்ளாக் என்று ஒன்று இல்லை. லிசனர், டைமர், எக்ஸிக்யூட்டர், அசிங்க் கான்டெக்ஸ்ட் எல்லாம் இதே வகை. கம்பைலர் உதவிக்கு வராத இந்த வகையில்தான் கசிவுகள் அதிகம்.

எண்ணூர் கழிமுகம்:

சும்மா கிடக்கும் இணைப்பை மூடும் ஐடில் டைம்அவுட் பற்றி யாரும் சொல்லவில்லையே. டாம்கேட்டில் வெப்சாக்கெட் செஷனுக்கு இயல்பாக ஐடில் டைம்அவுட் கிடையாது, மதிப்பு 0. மேக்ஸ் ஐடில் டைம்அவுட் வைத்தாலும் உங்களுக்கு உதவாது, ஏனென்றால் சர்வர் பக்கத்திலிருந்து செய்தி எழுதுவதையும் அது இயக்கமாகவே எண்ணும். நீங்கள் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். டேப்லெட்டிலிருந்து எதுவும் வராத நேரத்தை மட்டும் எண்ணும் ஒரு ரீட் ஐடில் டைம்அவுட்டை டாம்கேட் தனியாகத் தருகிறது, செஷனின் யூசர் ப்ராப்பர்ட்டீஸில் மில்லிசெகண்டில் வைக்கலாம். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் பிங் அனுப்ப வழியில்லை. அதனால் டேப்லெட்டிலிருந்து ஒரு சின்ன செய்தியை இடைவெளி விட்டு அனுப்பச் சொல்லுங்கள். அது நின்றால் கால் மணி நேரம் காத்திருக்காமல் செஷன் மூடும்.

இன்னொன்று, உங்கள் 9.0.98 பழையது. பிழை வழியில் துடைக்காமல் விடுவது டாம்கேட் எழுதுபவர்களுக்கே நடந்திருக்கிறது. 2021ல் வந்த சிவிஇ-2021-42340 என்ற பாதுகாப்புக் குறைபாட்டைப் பாருங்கள்: அளவீடு சேகரிக்க வைத்த ஒரு பொருளை, வெப்சாக்கெட் மூடிய பிறகும் விடாமல் பிடித்திருந்தது. 9.0.40 முதல் 9.0.53 வரை. 2025 ஏப்ரலில் சிவிஇ-2025-31650: ப்ரியாரிட்டி ஹெடர் பிழையாக வந்தால் அந்த ரிக்வெஸ்ட்டை முழுதாகத் துடைக்காமல் விட்டுவிடும், நிறைய அனுப்பினால் மெமரி தீரும். 9.0.76 முதல் 9.0.102 வரை, நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். சரியானது 9.0.104ல். அதே வருடம் சிவிஇ-2025-61795: மல்டிபார்ட் அப்லோடு நடுவில் பிழையானால் தற்காலிகக் கோப்புகளை உடனே அழிக்காமல் ஜிசி வரும்வரை விட்டுவைக்கும். டேப்லெட்டில் படம் ஏற்றும்போது நெட் போகிற இடம் உங்களுடையது. 9.0.110ல் சரிசெய்தார்கள். அதற்குக் கீழே நிற்காதீர்கள்.

பாதுகாப்புக் குறைபாடுகளை வகைப்படுத்தும் சிடபிள்யூஇ பட்டியலில் இந்த இனத்துக்கே 459 என்று ஒரு எண் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை கேட்:

எல்லோருக்கும் நன்றி. ஆன்க்ளோஸ் வரிசையை மாற்றி, க்யூவுக்கு அளவு வைத்து, ரீட் ஐடில் டைம்அவுட்டும் வைத்தாகிவிட்டது. சோதனைக்கு, டெஸ்ட் சர்வரில் டேட்டாபேஸ் போர்ட்டை லினக்ஸ் ஃபயர்வாலான ஐபி டேபிள்ஸில் அடைத்துவிட்டு ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கினேன். பழைய கோடில் செஷன் எண்ணிக்கை அப்படியே நின்றது. புதிய கோடில் டைம்அவுட் முடிந்ததும் பூஜ்யத்துக்கு இறங்கியது. யார்டில் போட்ட பிறகும் மழை வந்து கரண்ட் போனது, ஹீப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

இனி ரீடிப்ளாய் எச்சரிக்கைகள். ஆப் நிற்கும்போது ஓடும் கான்டெக்ஸ்ட் டெஸ்ட்ராய்டு மெத்தடில் ஹிகாரி பூலை மட்டும் மூடுகிறார்கள்.

ராயபுரம் ரயிலடி:

அங்கேயும் வரிசை முக்கியம். முதலில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஷெட்யூலரை நிறுத்துங்கள்: ஷட்டவுன், கொஞ்சம் காத்திருப்பு, முடியவில்லை என்றால் ஷட்டவுன்-நவ். அதன் பிறகு பூலை மூடுங்கள். மாற்றிச் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் வேலை மூடிய பூலிடம் கனெக்‌ஷன் கேட்டு விழும். கடைசியில் டிரைவர் மேனேஜரில் இருக்கும் டிரைவர்களில் உங்கள் ஆப்பின் கிளாஸ்லோடர் ஏற்றியதை மட்டும் நீக்குங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால், அபாண்டண்டு கனெக்‌ஷன் க்ளீனப் த்ரெட் என்று ஒன்று ஓடும், அதன் செக்டு ஷட்டவுனையும் கூப்பிடுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி ட்ரைக்குள். ஒரு லிசனர் பிழை வீசினாலும் டாம்கேட் மற்ற லிசனர்களைக் கூப்பிட்டுவிடும். ஆனால் பிழை வீசிய மெத்தடுக்குள் மிச்சமிருக்கும் வரிகளை யாரும் ஓட்டித் தர மாட்டார்கள்.

த்ரெட்லோக்கல் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கொருக்குப்பேட்டை கேட்:

ரிக்வெஸ்ட்டுகள் கடந்துபோகும் ஒரு ஃபில்டரில் அக்கா. லாகின் செய்தவரின் விவரத்தை வைக்கிறது. டூஃபில்டர் முடிந்த அடுத்த வரியில் ரிமூவ் இருக்கிறது.

ராயபுரம் ரயிலடி:

ஃபைனலியில் இல்லையே. உள்ளே எக்ஸெப்‌ஷன் வந்தால் அந்த வரி ஓடாது. இதை மெமரி விஷயமாக மட்டும் பார்க்காதீர்கள் தம்பி. டாம்கேட்டின் த்ரெட்கள் பூலில் இருப்பவை, அதே த்ரெட் அடுத்த ரிக்வெஸ்ட்டுக்குப் போகும். ஃபில்டர் புதிதாக வைக்காத ஏதாவது ஒரு வழியில் வந்தால், முந்தைய ஆளின் பெயரில் கேட் பாஸ் பதிவாகும். அடிபட்ட பெட்டிக்கு யார் கையெழுத்து என்ற தகராறில், கேட்டில் நிற்காத ஒருவரின் பெயர் வரும். இன்றைக்கே மாற்றுங்கள்.

டாம்கேட் 2010லிருந்தே இந்த எச்சரிக்கைகளைத் தருகிறது. ஆப் நின்ற பிறகு தன் பூலின் த்ரெட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்தும் விடுகிறது. அது ரீடிப்ளாய் கசிவுக்குத் துணை செய்யும். ரிக்வெஸ்ட்டுகளுக்கு நடுவே பெயர் மாறுவதற்கு அதனால் எந்த உதவியும் இல்லை.

மின்ட் மணிக்கூண்டு:

ரீஸ்டார்ட் போட்டிருந்தால் இந்தப் பெயர் விஷயம் வெளியே வந்தே இருக்காது. நான் பார்க்கும் சர்வர்களிலும் ஃபில்டர்களைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன்.

பெரம்பூர் லோகோ:

ஒயரைப் பிடுங்கும் சோதனையை ஒவ்வொரு பில்டிலும் செய்ய முடியாதே. இதற்கு ஜாவா டெஸ்ட் கருவியான ஜேயூனிட்டில் எப்படி டெஸ்ட் எழுதுவது?

ராயபுரம் ரயிலடி:

எளிதுதான். கெட் கனெக்‌ஷன் கேட்டால் எஸ்க்யூஎல் எக்ஸெப்‌ஷன் மட்டுமே வீசும் ஒரு போலி டேட்டாசோர்ஸை உருவாக்கு. அதைக் கொடுத்து ஆன்ஓப்பனைக் கூப்பிடு, பிறகு ஆன்க்ளோஸைக் கூப்பிடு. லிஸ்ட் காலியாக இருக்க வேண்டும், அனுப்பும் த்ரெட் முடிந்திருக்க வேண்டும். இரண்டையும் சரிபார். ஆன்ஓப்பனே பாதியில் விழும் நிலைக்கும் ஒன்று எழுது: லிஸ்ட்டில் சேர்த்த பிறகு, த்ரெட் தொடங்கும் முன். அந்த வழியை இந்த இழையில் இன்னும் யாரும் பார்க்கவில்லை. கொருக்குப்பேட்டைத் தம்பி, உங்கள் ஆன்ஓப்பனில் டேட்டாபேஸ் வரி எங்கே இருக்கிறது?

கொருக்குப்பேட்டை கேட்:

லிஸ்ட்டில் சேர்த்ததற்கு அடுத்த வரியில் அக்கா. அதையும் கடைசிக்கு மாற்றி, டெஸ்ட்டும் சேர்த்துவிட்டேன். 9.0.110க்கு மேலே போவதும் இதே வெளியீட்டில்.